பதினொரு பேரும் பத்து ஊரில்

வாசகர் கேள்வி – பதில்

தேசிய கால்பந்து அணியையும், வெளிநாட்டு கிளப்புகளில் ஆடும் அதன் வீரர்களையும் பின்தொடரும் ரசிகர்களின் கேள்விகள் இந்த இதழில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தேசிய அணியில் பாதிப் பேர் வெளிநாட்டு லீக்குகளில் ஆடுகிறார்கள். எல்லா ஆட்டத்தையும் பார்க்க நேரமில்லை. கோல் வீடியோக்களைப் பார்த்தால் போதுமா?

பதில்: போதாது. கோல் வீடியோவில் ஸ்ட்ரைக்கரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். டிஃபென்டர் அதில் தலைகாட்டுவது அவர் தப்பு செய்த அன்றைக்கு மட்டும்தான். நடுக்களத்தில் பந்தை வாங்கி வாங்கிக் கொடுப்பவர் அதில் வரவே மாட்டார்.

ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி, லீக் ஆட்டமா கோப்பை ஆட்டமா, தொடக்கப் பதினொன்றில் இருந்தாரா பெஞ்சிலா, எத்தனை நிமிடம், எந்த இடத்தில் ஆடினார் என்று ஐந்து கட்டம் போதும். கோலும் அசிஸ்ட்டும் ஓரத்தில் இருக்கட்டும். முதல் கணக்கு நிமிடம்தான். 10 லீக் ஆட்டம் என்றால் அதிகபட்சம் 900 நிமிடம். அதில் 700க்கு மேல் ஆடியவரை கிளப் நம்புகிறது என்று அர்த்தம். "9 ஆட்டத்தில் களமிறங்கினார்" என்று செய்தி வரும். பிரித்துப் பார்த்தால் 8 முறை 70வது நிமிடத்தில் இறங்கி, ஒரே ஒரு முறை முழு ஆட்டம் ஆடியிருப்பார். மொத்தம் 250 நிமிடம். அவரைத் தகுதிச் சுற்றில் 90 நிமிடம் ஓடவிட்டால் கடைசி அரை மணியில் கால் கனக்கும். "கிளப்பில் சிங்கம், நாட்டுக்கு ஆடும்போது பூனை" என்ற வசவில் பாதி இப்படிப் பிறப்பதுதான்.

"ஆடவில்லை" என்பதிலும் மூன்று வகை உண்டு. பெஞ்சில் இருந்து இறங்காதது ஒன்று. அன்றைய பட்டியலிலேயே இல்லாதது இன்னொன்று. காயமா என்று அப்போது விசாரிக்க வேண்டும். மூன்றாவது, சீசனுக்கான பதிவுப் பட்டியலிலேயே இல்லாதது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு கிளப் 25 பேர் பட்டியல் கொடுக்க வேண்டும். உள்நாட்டில் பயிற்சி பெறாதவர்கள் அதில் 17 பேருக்கு மேல் கூடாது. 21 வயதுக்குட்பட்டவர்கள் பட்டியலில் இல்லாமலே ஆடலாம். இலையுதிர் காலப் பட்டியலில் விடுபட்ட வெளிநாட்டு வீரர் ஜனவரி வரை லீக்கில் ஆட வழியில்லை. ஸ்பெயின் லா லிகாவில் சட்டை எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும்: முதல் அணிக்கு 1 முதல் 25 வரை, அதற்கு மேல் எண் இருந்தால் அவர் இரண்டாம் அணியில் பதிவானவர்.

எந்த இடத்தில் ஆடினார் என்பதையும் தவறாமல் எழுதுங்கள். கிளப்பில் லெஃப்ட் பேக்காக (இடதுபுறத் தடுப்பாளராக) ஆடுபவரைத் தேசிய அணி விங்கராக (ஓரத்தில் ஓடித் தாக்குபவராக) இறக்கினால், அவருடைய கிளப் எண்களை வைத்து அவரை அளக்க முடியாது.

இனி பார்ப்பது. மாதத்துக்கு ஒரு வீரரின் ஒரு முழு ஆட்டம் பாருங்கள். முதல் 20 நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் கவனியுங்கள்: பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது எங்கே நிற்கிறார், பந்து வருமுன் தலையைத் திருப்பிப் பார்க்கிறாரா, பறிகொடுத்ததும் முதல் மூன்று அடி எந்தப் பக்கம். தொடக்கப் பதினொன்று ஆட்டத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே வெளியாகிவிடும். அதைப் பார்த்தபின் முடிவெடுத்தால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஆட்ட நேரத்தை மாற்றிக் கணக்கிடும்போது அடிக்கடி ஒரு மணி நேரம் தவறிவிடுகிறது. ஏன்?

பதில்: கோடைகால நேர மாற்றம்தான் காரணம். பல நாடுகள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும். ஒரு நாட்டு நேரத்திலிருந்து நேராக இன்னொரு நாட்டு நேரத்துக்குத் தாவாமல், எல்லாவற்றையும் முதலில் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்துக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து உங்கள் நேரத்துக்கு வாருங்கள். பெர்லினில் இரவு 8:45 என்பது குளிர்காலத்தில் யுடிசி 19:45, கோடையில் 18:45. டோக்கியோவும் சாவ் பாவ்லோவும் ஆண்டு முழுக்க மாறுவதில்லை.

ஐரோப்பா கடிகாரத்தை மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அமெரிக்கா மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வித்தியாசம் 5 மணி நேரத்துக்குப் பதில் 4 ஆகிவிடும். மார்ச் மாத சர்வதேச ஆட்டங்கள் பெரும்பாலும் இந்தக் குழப்பத்துக்குள்தான் வரும். 2026இல் மார்ச் சர்வதேச இடைவேளை, அதாவது தேசிய அணிகள் ஆடுவதற்காக கிளப் ஆட்டங்கள் நிற்கும் நாட்கள், 23 முதல் 31 வரை. ஐரோப்பாவில் கடிகாரம் மாறுவது 29ஆம் தேதி. முதல் ஆட்டத்துக்குப் போட்ட கணக்கு இரண்டாம் ஆட்டத்துக்குச் செல்லாது.

தேதியும் ஏமாற்றும். சாவ் பாவ்லோவில் புதன் இரவு 9:30 என்பது யுடிசியில் வியாழன் 00:30. "வியாழன்" என்று குறித்துவைத்து வியாழன் இரவு டிவி முன் உட்கார்ந்தால், முடிந்துபோன ஆட்டத்தின் ஸ்கோர்தான் கிடைக்கும்.

கேள்வி: தேசிய அணி அழைத்தால் கிளப் அனுப்பியே ஆக வேண்டுமா? சில நட்பு ஆட்டங்களுக்கு மட்டும் முக்கிய வீரர்கள் வருவதே இல்லையே?

பதில்: ஃபிஃபாவின் சர்வதேச ஆட்ட நாள்காட்டியில் உள்ள நாட்கள் என்றால் அனுப்பியே ஆக வேண்டும், அது நட்பு ஆட்டமாக இருந்தாலும் சரி. அந்த நாட்களுக்கு வெளியே என்றால் கிளப்பின் தயவுதான். வராத ஆட்டங்களின் தேதியை நாள்காட்டியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும்.

வழக்கமான இடைவேளை ஒரு திங்கள் தொடங்கி அடுத்த வாரச் செவ்வாய் வரை, 9 நாள். அதிகபட்சம் இரண்டு ஆட்டம். வீரர் திங்கள் காலைக்குள் கிளப்பை விட்டுக் கிளம்ப வேண்டும்; முடிந்தபின் புதன் காலைக்குள் திரும்பப் புறப்பட வேண்டும். 2026 முதல் செப்டம்பர், அக்டோபர் இடைவேளைகள் இரண்டும் ஒன்றாகி, 16 நாளில் நான்கு ஆட்டம் என்று மாறுகிறது. அந்த ஆண்டு அது செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 6 வரை. தூரக் கண்டத்தில் ஆடும் வீரருக்கு ஒரு விமானப் பயணம் மிச்சம். ரசிகருக்கு ஒரு நெருடல்: முதல் ஆட்டத்தில் தசை பிடித்துக்கொண்டால் நான்கு ஆட்டமும் போச்சு. பெண்கள் கால்பந்துக்கு நாள்காட்டி தனி. ஆண்கள் தேதியை வைத்து அதைக் கணக்கிடாதீர்கள்.

அழைப்பு முறையும் எழுத்தில்தான். இடைவேளையின் முதல் நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே வீரருக்கும் கிளப்புக்கும் கடிதம் போக வேண்டும். கிளப் 6 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். நாட்டின் கால்பந்துச் சங்கம் கடிதத்தைத் தாமதமாக அனுப்பிவிட்டு "கிளப் விடவில்லை" என்று சொன்னால் பழி யார்மேல் என்பதை நீங்களே தேதி பார்த்துத் தீர்மானித்துக்கொள்ளலாம்.

கேள்வி: "காயம்" என்று சொல்லித் தேசிய அணிக்கு வராதவர், அடுத்த சனிக்கிழமையே கிளப்புக்கு ஆடுகிறார். இதற்குத் தண்டனை இல்லையா?

பதில்: விதி இருக்கிறது. அழைக்கப்பட்டவர் எந்தக் காரணத்துக்காக வராமல் இருந்தாலும், இடைவேளை நாட்களிலும் அதற்குப் பிறகு 5 நாளும் கிளப்புக்கு ஆடக் கூடாது. இடைவேளை செவ்வாயோடு முடிந்தால் அந்தச் சனிக்கிழமை ஐந்து நாளுக்குள்தான் வரும். ஆனால் அதே விதியில் "சங்கம் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் தவிர" என்று ஒரு வாசகம் உண்டு. நடைமுறையில் கிளப் மருத்துவரும் தேசிய அணி மருத்துவரும் பேசி, ஸ்கேன் அறிக்கையைப் பகிர்ந்து, சங்கம் வீரரை விடுவித்துவிடும். அடுத்த முறையும் அந்த கிளப்பின் தயவு வேண்டுமே! விடுவித்த பிறகு அவர் சனிக்கிழமை ஆடுவது விதிமீறல் ஆகாது.

உண்மையாகவே காயம்பட்டால் கிளப்புக்கு யார் நஷ்டஈடு தருவது என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். தேசிய அணிக்காக வந்த இடத்தில் காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், ஃபிஃபாவின் கிளப் பாதுகாப்புத் திட்டம் அவருடைய சம்பளத்தைக் கிளப்புக்குத் தரும். உச்சவரம்பு ஒரு விபத்துக்கு 75 லட்சம் யூரோ, ஓர் ஆண்டு வரை. அந்த முதல் 28 நாள் கிளப்பின் கணக்கு. சின்னச் சின்னத் தசைக் காயங்களுக்குத்தான் கிளப்புகள் அதிகம் முணுமுணுக்கும், காரணம் இதுதான்.

கேள்வி: அழைத்தால் கிளப் அனுப்பியே ஆக வேண்டும் என்ற விதி ஒலிம்பிக்குக்கும் உண்டா?

பதில்: ஆண்கள் ஒலிம்பிக் கால்பந்து ஃபிஃபாவின் நாள்காட்டியில் இல்லை, கிளப் மறுக்கலாம். 2008இல் மெஸ்ஸியை அர்ஜென்டினா ஒலிம்பிக் அணிக்கு அனுப்ப அவருடைய கிளப் பார்சிலோனா மறுத்த விவகாரத்தில், விளையாட்டு நடுவர் நீதிமன்றம் பார்சிலோனா பக்கம்தான் தீர்ப்பளித்தது. ஆனாலும் கிளப் மனமிறங்கி அனுமதித்தது. அர்ஜென்டினா தங்கம் வாங்கியது.

கேள்வி: எங்கள் வம்சாவளியைச் சேர்ந்த 20 வயது வீரர் ஒருவர், தான் பிறந்த நாட்டுக்காக ஏற்கெனவே ஆடிவிட்டார். இனி எங்களுக்கு வரவே முடியாதா?

பதில்: எதில் ஆடினார் என்பதைப் பொறுத்தது. இந்த இடத்தில்தான் ரசிகர்கள் அதிகமாகத் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

சீனியர் அணிக்காக நட்பு ஆட்டம் மட்டும் ஆடியிருந்தால் அவர் எங்கும் கட்டுப்படவில்லை. டியாகோ கோஸ்டா 2013இல் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு, 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு ஆடினார். டெக்லன் ரைஸ் அயர்லாந்துக்கு மூன்று நட்பு ஆட்டம் ஆடியவர். 2019இல் இங்கிலாந்துக்குப் போனார்.

இளையோர் அணிகளுக்கு அதிகாரப்பூர்வப் போட்டியில் ஆடியிருந்தால், முதல் ஆட்டம் ஆடிய அன்றைக்கே உங்கள் நாட்டுக் குடியுரிமையும் அவரிடம் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பாட்டி பிறந்த ஊரைக் காட்டிப் பின்னாளில்தான் பாஸ்போர்ட் வாங்கினார் என்றால் நிபந்தனை இறுகும்.

சீனியர் அணிக்காகத் தகுதிச் சுற்றில் ஒரு நிமிடம் ஆடினாலும் ஆயுளுக்கும் அந்த நாடுதான் என்று முன்பு விதி இருந்தது. 2020இல் அது தளர்ந்தது. நட்பு ஆட்டங்களையும் சேர்த்து மூன்றுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. கடைசியாக ஆடியபோது 21 வயது நிறைந்திருக்கக் கூடாது. அதன்பின் மூன்று ஆண்டு கடந்திருக்க வேண்டும். உலகக் கோப்பை, கண்டக் கோப்பை இறுதிச் சுற்றுகளில் ஆடியிருக்கவே கூடாது. முதல் ஆட்டத்தின்போதே புதிய நாட்டின் குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும். முனீர் எல் ஹதாதி 2014இல் ஸ்பெயினுக்குத் தகுதிச் சுற்றில் சில நிமிடங்கள் ஆடியதால் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டிருந்தார். இந்தத் திருத்தத்துக்குப் பிறகுதான் 2021இல் மொராக்கோவுக்கு ஆட முடிந்தது.

மாறுவது ஒரே ஒரு முறைதான். விண்ணப்பித்த நாளிலிருந்து முடிவு வரும் வரை எந்த நாட்டுக்கும் ஆட முடியாது. ஆகவே 20 வயதுக்காரர் ஒருவர் தயங்கினால் திட்டாதீர்கள். அவருக்கு இருப்பது ஒரே ஒரு சீட்டு.

கேள்வி: நட்பு ஆட்டங்களில் வரிசையாக ஜெயித்தும் ஃபிஃபா தரவரிசையில் நகரவே இல்லை. ஒரு தகுதிச் சுற்று டிராவில் புள்ளி குறைந்துவிட்டது. என்ன கணக்கு இது?

பதில்: 2018 முதல் கணக்கு இப்படி: பழைய புள்ளியோடு, ஆட்டத்தின் எடை × (கிடைத்த முடிவு − எதிர்பார்த்த முடிவு) சேரும். வெற்றி 1, டிரா 0.5, தோல்வி 0. எதிர்பார்த்த முடிவு இரு அணிகளின் புள்ளி வித்தியாசத்திலிருந்து வரும்: 1 ÷ (10^(−வித்தியாசம்/600) + 1).

எடைதான் விஷயம். சர்வதேச இடைவேளைக்கு வெளியே நட்பு ஆட்டம் 5. உள்ளே என்றால் 10. தேசிய அணிகள் ஆடும் நேஷன்ஸ் லீக் போட்டியின் குரூப் ஆட்டம் 15. தகுதிச் சுற்று 25. கண்டக் கோப்பை இறுதிச் சுற்றில் காலிறுதிக்கு முன் 35, காலிறுதி முதல் 40. உலகக் கோப்பையில் அதேபோல் 50, 60.

உங்கள் அணி 1300, எதிரணி 1400 என்று வையுங்கள். எதிர்பார்த்த முடிவு 0.405. இடைவேளைக்குள் நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால் 10 × 0.595 = 5.95 புள்ளி. அதே வெற்றி தகுதிச் சுற்றில் என்றால் 14.9. இடைவேளைக்கு வெளியே என்றால் 3கூட வராது. இப்போது திருப்பிப் போடுங்கள்: உங்கள் அணி 1500, எதிரணி 1300. எதிர்பார்ப்பு 0.683. தகுதிச் சுற்றில் ஜெயித்தால் 7.9, டிரா ஆனால் 4.6 புள்ளி போய்விடும். உங்களுக்கு நடந்தது இதுதான்.

1–0 ஜெயித்தாலும் 6–0 ஜெயித்தாலும் புள்ளி ஒன்றே. சொந்த மைதானம், வெளி மைதானம் என்ற பேதமும் கிடையாது. பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெயித்தவருக்கு 0.75, தோற்றவருக்கு 0.5. இறுதிச் சுற்றுப் போட்டிகளின் நாக்அவுட் ஆட்டத்தில் தோற்றால் புள்ளி கழியாது.

இந்தப் புள்ளி பெருமைக்கு மட்டுமல்ல. போட்டிக் குலுக்கலில் எந்தப் பானையில் (தரவரிசைப்படி அணிகளைப் பிரித்துவைக்கும் தொகுதி) விழுவீர்கள் என்பதும், இங்கிலாந்தில் உங்கள் வீரருக்கு வேலை அனுமதி கிடைக்குமா என்பதும் இதோடு சேர்ந்தது. முதல் 50 இடத்துக்குள் உள்ள நாட்டின் வீரர், குறிப்பிட்ட சதவீதத் தேசிய ஆட்டங்களில் ஆடியிருந்தால் நேராக அனுமதி கிடைக்கும். நாடு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவு குறைந்த சதவீதம் போதும். மற்றவர்கள் லீக்கின் தரம், ஆடிய நிமிடம் எல்லாம் சேர்த்து 15 புள்ளி தேற்ற வேண்டும்.

கேள்வி: "பெரிய கிளப் வலை வீசுகிறது" என்று தினமும் செய்தி. எதை நம்புவது?

பதில்: ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். கடைசி 6 மாதத்துக்குள் வந்துவிட்டவர் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திடலாம். ஜூனில் ஒப்பந்தம் முடிபவரைப் பற்றி ஜனவரியில் வரும் செய்திக்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம். நாடு விட்டு நாடு மாறினால் சர்வதேச டிரான்ஸ்ஃபர் சான்றிதழ் வரும்வரை களமிறங்க முடியாது. அறிமுகப் புகைப்படம் வந்தும் ஆடாமல் இருப்பதற்கு இது அடிக்கடி காரணம். இன்னொன்று: ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், ஆனால் பொதுவாக இரண்டுக்குத்தான் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடலாம். ஆகஸ்ட்டில் பழைய கிளப்புக்கு ஆடிவிட்டு, லோனில் (தற்காலிகமாக) வேறு கிளப்புக்குப் போய் அங்கேயும் ஆடியவர், ஜனவரியில் மூன்றாம் கிளப்புக்கு "தாவுகிறார்" என்றால் அந்தச் செய்தியை மடித்து வைத்துவிடலாம்.

கேள்வி: கிளப்பில் வாங்கிய சிவப்பு அட்டை தேசிய அணியிலும் தொடருமா?

பதில்: சாதாரணமாகத் தொடராது, அந்தந்தப் போட்டியோடு சரி. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் மஞ்சள் அட்டை வாங்கினால் ஒரு ஆட்டத் தடை. இதையும் உங்கள் நோட்டில் குறியுங்கள். கடுமையான குற்றம் என்றால் கதை வேறு. 2014 உலகக் கோப்பையில் எதிரணி வீரரைக் கடித்ததற்காக உருகுவே வீரர் சுவாரெஸுக்கு 9 சர்வதேச ஆட்டத் தடையோடு, எல்லாக் கால்பந்திலிருந்தும் 4 மாத விலக்கும் விழுந்தது. கிளப்பும் அனுபவித்தது.

கேள்வி: அணியின் வெளிநாட்டு ஆட்டத்துக்கு நேரில் போக ஆசை. டிக்கெட்டை எங்கே, எப்போது வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் நாட்டுச் சங்கம் மூலம் வாங்குங்கள். ஐரோப்பியப் போட்டிகளில் மைதானக் கொள்ளளவில் குறைந்தது 5 சதவீதத்தை விருந்தினர் ரசிகர்களுக்கு ஒதுக்க வேண்டும். 20,000 இருக்கை என்றால் 1,000. சில சங்கங்கள் இதற்கு முன் எத்தனை வெளி ஆட்டத்துக்குப் போனீர்கள் என்று பார்த்து முன்னுரிமை தருகின்றன. எனவே கூட்டம் வராத சின்ன ஆட்டத்திலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். 2026 உலகக் கோப்பை போன்ற பெரிய போட்டியில் ஒவ்வொரு அணியின் ரசிகர்களுக்கும் 8 சதவீதம்.

கிடைக்கவில்லை என்று எதிரணி ரசிகர் பகுதியில் டிக்கெட் வாங்குவதுதான் பெரிய தவறு. உங்கள் சட்டையைப் பார்த்ததும் வெளியே அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டு, பணம் திரும்பாது. பல மைதானங்களில் டிக்கெட்டில் பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டல் வேண்டும். முதலெழுத்தை முன்னே போடுவதா பின்னே போடுவதா என்று குழம்பும் பெயர்கள் வாசலில் நின்றுவிடும்.

ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய ஷெங்கன் நாடுகளில் குறுகிய கால விசா என்றால் எந்த 180 நாளிலும் 90 நாள்தான். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. தொடர் முழுக்கப் பின்தொடர்பவர்கள் அணி எந்தெந்த நாட்டில் ஆட நேரலாம் என்று அட்டவணையின் எல்லாக் கிளைகளையும் பார்க்க வேண்டும். 2026இல் போல மூன்று நாடுகளில் போட்டி என்றால் மூன்றுக்கும் நுழைவு அனுமதி தனித்தனி. குரூப்பில் இரண்டாம் இடம் பிடித்த அணியைப் பார்க்க எல்லை தாண்ட வேண்டியிருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் விருந்தினர் பகுதியை உடனே திறக்காமல், உள்ளூர்க் கூட்டம் கலையும் வரை நிறுத்திவைப்பது வழக்கம். இரவு 8:45 ஆட்டம் முடிய 10:40 ஆகும். அதன்மேல் அரை மணி, முக்கால் மணி. கடைசி ரயிலை இதற்குப் பின்னால் வையுங்கள். பெரிய கொடி கொண்டுபோனால் தீப்பிடிக்காத துணி என்ற சான்றைச் சில மைதானங்கள் கேட்கும். கட்டையில் கோத்த கொடி வாசலோடு சரி. ஏ4 தாளைவிடப் பெரிய பையும் பல இடங்களில் உள்ளே போகாது.

கேள்வி: எனக்குப் பிடித்த ஒரே வீரரை அவருடைய கிளப் மைதானத்தில் பார்க்க வேண்டும். எந்த ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: சர்வதேச இடைவேளை முடிந்து வரும் முதல் சனிக்கிழமையை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். வேறு கண்டத்தில் செவ்வாய் இரவு ஆடியவர் வியாழக்கிழமைதான் கிளப்புக்கு வந்து சேர்வார், பெரும்பாலும் பெஞ்ச். உள்நாட்டுக் கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளும் ஆபத்து, கோல்கீப்பரைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னும். அந்த ஆட்டங்களை இரண்டாம் கீப்பருக்குக் கொடுப்பது பழக்கம். மாறாக, உங்கள் ஆள் பெஞ்சிலேயே காலம் தள்ளுபவர் என்றால் அதே கோப்பை ஆட்டம்தான் நல்ல வாய்ப்பு.

சீசன் அட்டவணை வெளியான அன்றே விமான டிக்கெட் போடாதீர்கள். தொலைக்காட்சிக்காக இங்கிலாந்தில் சனிக்கிழமை ஆட்டம் வெள்ளிக்கோ திங்களுக்கோ நகரும். மற்ற பெரிய லீக்குகளிலும் நாளும் நேரமும் தவணை தவணையாகத்தான் உறுதியாகும். அது உறுதியானபின் பதிவு செய்யுங்கள். அதற்கு முன்பே போட்டாக வேண்டும் என்றால் வெள்ளி போய்ச் செவ்வாய் திரும்புங்கள். முடிந்தால் ஒரே பயணத்தில் கிளப்பின் இரண்டு ஆட்டம், வாரநாளில் ஒன்றும் வாரக்கடைசியில் ஒன்றும், விழும்படி பாருங்கள். ஒன்றில் உட்காரவைத்தாலும் மற்றதில் இறக்குவார்கள்.

கையெழுத்து வேண்டும் என்பவர்கள் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இருக்கைக்குப் போய்விடுங்கள். வார்ம்-அப் முடிந்து வீரர்கள் சுரங்கவழிக்குத் திரும்பும் பக்கத்தில், தடித்த பேனாவோடு, உங்கள் மொழியில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்நிய ஊரில் அந்தக் குரலுக்குத் திரும்பாதவர் குறைவு. ஹோட்டல் வாசலில் காத்திருப்பது வேண்டாம். அது அவர் தூங்கும் இடம்.